800 ரூபாய்க்குப் பழங்காலப் பிள்ளையார்!

"200 வருடப் பழமை! பஞ்சலோகப் பிள்ளையார்! விலை 800 ரூபாய்தான்!"

செல்போனைத் திறந்தால் இப்படி விளம்பரங்கள் வருகின்றன. படத்தில் பிள்ளையார் கறுத்து, பச்சை படர்ந்து, பார்க்கப் பழம்பொருளாகவே இருப்பார். பணம் கட்டினால் வீடு தேடி வந்துவிடுவார்.

வந்தவர் பழையவரா, புதியவரா? கண்டுபிடிப்பது எப்படி?

பஞ்சலோகம் என்றாலே பழையது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. செம்பு, பித்தளை, ஈயம், மிகச் சிறிதளவு வெள்ளி, தங்கம் சேர்த்துச் சுவாமிமலையில் இன்றும் சிலை வார்க்கிறார்கள். நகைக்கடை மெஷினில் வைத்தால் என்னென்ன உலோகம் என்று தெரியும். வயது தெரியாது!

அச்சைப் பாருங்கள்

சுவாமிமலை ஸ்தபதிகள் முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிச் சூடாக்குவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். சோழர் காலத்திலும் இதே முறைதான்.

இரண்டு பாதி அச்சில் வார்த்தால் பக்கவாட்டில் மெல்லிய கோடு விழும். அராவி மறைத்திருந்தாலும் காதோரத்திலும் கையிடுக்கிலும் மிச்சம் இருக்கும். கோடு இருந்தால் அது மெழுகு வார்ப்பு அல்ல. ஒரே அச்சாக ஐம்பது பிள்ளையார் அதே கடையில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எங்கே தேய்ந்திருக்கிறது?

சிறந்த சாட்சி இதுதான். பூஜையில் இருந்த சிலையைத் தலைமுறை தலைமுறையாக நீராட்டித் துடைத்திருப்பார்கள். வயிறும் தும்பிக்கையும் முழங்காலும் தேய்ந்து வழவழவென்று இருக்கும். கை புகாத இடுக்கில் செதுக்கல் கூர்மையாக இருக்கும். போலியோ எங்கும் ஒரே மாதிரி மழுங்கியிருக்கும்.

பச்சைக் களிம்பைக் கண்டு மயங்காதீர்கள். மருந்து தடவினால் சில நாளில் வந்துவிடும். வீட்டுப் பூஜைச் சிலை என்றால் புளி போட்டுத் தேய்த்திருப்பார்களே, பச்சை ஏது? நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து, பீடத்தின் அடியில் ஓர் ஓரத்தைத் துடையுங்கள். பஞ்சில் சாயம் ஏறினால் அது வெறும் வர்ணம். நீங்கள் மட்டும் இப்போது புளி போட்டுவிடாதீர்கள். உண்மையில் பழையதாக இருந்தால் சாட்சி போய்விடும்!

காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால் மகிழ வேண்டாம். புதுப் பித்தளையிலும் ஒட்டாது.

அசலாக இருந்தால்?

அப்போதுதான் வம்பு! 1972-ம் வருடத்துச் சட்டப்படி, 100 வருடத்துக்குக் குறையாத சிலை தொல்பொருள். அதை லைசென்ஸ் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது. வைத்திருப்பவரும் பதிவு செய்ய வேண்டும்.

கோவிலில் திருடியதாகவும் இருக்கலாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் அப்படித்தான் கடல் கடந்தார். ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடமே போலிக் காகிதத்தை நம்பி, 2008-ல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது! 2014-ல்தான் நடராஜர் இந்தியா திரும்பினார்.

ஆகவே வாங்கும் முன்பே, "200 வருடம் என்கிறீர்களே, பதிவுச் சான்று எங்கே?" என்று கேளுங்கள்.

"பழைய மாதிரியில் செய்ததுங்க" என்று பதில் வரும்!