வீதிக்கு வந்த முகங்கள்

கொள்ளைநோய்க் காலத்தில் மனிதன் இழப்பவற்றுள் ஒன்று, பிறர் முகத்தை அமைதியாக நோக்கும் இன்பம். முகக்கவசம் பாதி முகத்தை மறைக்கிறது. அச்சமோ எதிரே வருவோரைக் கண்டதும் நம்மை ஒதுங்கச் செய்கிறது.

2020ஆம் ஆண்டு மே மாதத்தில், இலண்டன் தேசிய உருவப்படக் காட்சிச்சாலையும், அந்நாளில் கேம்பிரிஜ் கோமகளாயிருந்த கேத்தரினும், ஊரடங்கு வாழ்வைக் காட்டும் புகைப்படங்களை அனுப்புமாறு பிரித்தானிய மக்களை வேண்டினர். ஆறு வாரங்களில் 31,598 படங்கள் வந்து குவிந்தன. அவற்றுள் 100 படங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. அவை ஒக்ரோபரில் 80 ஊர்களின் விளம்பரப் பலகைகளிலும் பஸ் தரிப்பிடங்களிலும் இடம்பெற்றன. ஓரிடத்தில் காணக்கிடைத்தவை சிலவே. ஆயினும் என்ன? நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை, மூடிய மண்டபத்தினுள் நெருங்கி நிற்க வேண்டியதுமில்லை. காற்று வாங்கப் புறப்பட்டோர் வழியிலே நின்று பார்த்தனர்.

ஒரு படத்தில், சாளரக் கண்ணாடிக்கு அப்பால் பூட்டியும் இப்பால் குழந்தையும் முத்தமிடுகின்றனர். மற்றொன்றில், பாதுகாப்பு உடையணிந்த தாதியொருத்தி நம்மை நேரே நோக்குகிறாள். அம்முகங்களை எவ்வளவு நேரமும் அச்சமின்றிப் பார்த்து நிற்கலாம். பிரிவு தமக்கு மட்டும் வாய்த்ததன்று என உணர்ந்தோர்க்கு, அச்சிறு உலா உடலுக்கு மட்டுமன்றி உள்ளத்துக்கும் மருந்தாயிற்று.