தண்ணீருக்கடியில் ஓடாத ஆறு

வாட்ஸ்அப்பில் அந்த வீடியோ மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. தெளிந்த நீருக்குள் ஒருவர் மிதக்கிறார். அவருக்குக் கீழே வெண்மையாக இன்னொரு ஆறு, அதன் கரையில் மொட்டை மரங்கள். ‘கடலுக்கடியில் ஓடும் அதிசய நதி, விஞ்ஞானிகள் திகைப்பு’ என்று தலைப்பு வேறு. அனுப்பிய வாசகர் இரண்டு கேள்விகள் கேட்கிறார்: இது நிஜமா? ஸ்கூபாவில் புதியவர்கள் அங்கே போகலாமா?

இடம் நிஜம். மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில், துலும் ஊருக்கு அருகே இருக்கும் அன்ஹெலிட்டா. சுண்ணாம்புப் பாறை இடிந்து உண்டான, சுமார் 60 மீட்டர் ஆழமுள்ள குழி அது, கடலெல்லாம் இல்லை. இப்படிப்பட்ட நீர்க்குழிகளை அங்கே செனோட்டே என்கிறார்கள். வெண்மையாகத் தெரிவது ஹைட்ரஜன் சல்ஃபைடு மேகம். குழியில் விழுந்த இலைதழைகள் அழுகியதால் வந்தது. சுமார் 30 மீட்டர் ஆழத்தில் அசையாமல் கிடக்கிறது, எங்கும் ஓடவில்லை. எந்த விஞ்ஞானியும் திகைத்ததாகத் தகவல் இல்லை.

ஆனால் வீடியோ கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அந்த மேகம் அடியில் படியாமல், மேலே கலைந்தும் போகாமல், நடுவில் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? ஆற்றை விட்டுவிடுங்கள், அதன் படுக்கைதான் விஷயம்.

நன்னாரி சர்பத் போடுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். தம்ளரில் முதலில் பாகு. அதன்மேல் தண்ணீரைப் பக்குவமாகச் சாய்த்து ஊற்றினால் இரண்டும் சண்டையில்லாமல் மேலும் கீழுமாக நிற்கும். யுகடானில் பாகு என்பது கரீபியன் கடலிலிருந்து பாறை இடுக்குகள் வழியே உள்ளே புகுந்த உப்புநீர். மேலே நிற்பது மழைநீர். தீபகற்பத்தின் வடபாதியில் தரைமேல் ஓடும் ஆறே கிடையாது. பெய்வதெல்லாம் பாறைக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மிதந்தபடி மெல்லக் கடலை நோக்கி நகர்கிறது. இரண்டும் சந்திக்கும் மெல்லிய அடுக்குக்கு ஹாலோக்ளைன் என்று பெயர். அந்த மேகத்தின் படுக்கை இதுதான்.

அடுக்கு எந்த ஆழத்தில் இருக்கும் என்பதற்குப் பள்ளிக் கணக்கே போதும். நன்னீர் ஒரு லிட்டர் 1000 கிராம், கடல்நீர் 1025 கிராம். இந்த 25 கிராம் வித்தியாசத்தால், நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நின்றால், கீழே 40 மீட்டர் வரை உப்பை அழுத்தி வைத்திருக்கும். கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்று இதைச் சொல்வார்கள். பிளாயா டெல் கார்மென் ஊருக்குத் தெற்கே உள்ள சாக் மூல் செனோட்டேயில் அடுக்கு 10 மீட்டரைத் தாண்டியதும் வந்துவிடுகிறது. அப்படியென்றால் அங்கே நிலத்தடி நீர் கடல்மட்டத்தைவிட ஒரு சாணுக்குச் சற்று மேலே நிற்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு சாண் தண்ணீர்தான் கரீபியன் கடலைக் கீழே தள்ளி வைத்திருக்கிறது.

இப்போது தம்ளருக்குள் ஸ்பூனை விடுவோம். கலக்கத் தொடங்கிய கணத்தில் பாகு இழை இழையாக நெளிந்து, தம்ளருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடைக்காரர் முகம் கோணுகிறது அல்லவா? ஹாலோக்ளைனிலும் அதே கூத்து. நன்னீரின் ஒளிவிலகல் எண் 1.333, கடல்நீருடையது ஏறக்குறைய 1.34. சொற்ப வித்தியாசம்தான். ஆனால் முங்குபவரின் கால்துடுப்பு ஸ்பூனாகி அடுக்கைக் கலக்கியதும், இரண்டு நீரும் சுருள் சுருளாகப் பின்னிக்கொண்டு ஒளியை ஆளுக்கொரு பக்கம் வளைக்கின்றன. முன்னால் போகும் வழிகாட்டிக்கு எல்லாம் துல்லியமாகத் தெரியும். பின்னால் வருகிறவருக்குத் திடீரென்று பார்வை போய்விட்டது என்று தோன்றும். முகக்கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை. ஒரு மீட்டர் மேலேயோ கீழேயோ நகர்ந்தால் தெளிந்துவிடும்.

கீழே நகர்ந்தால் இன்னும் இரண்டு வேடிக்கை. உப்புநீர் மேலே உள்ளதைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. கிணற்றில் இறங்கப் பழகிய நம் உடம்பு எதிர்பார்ப்பதற்கு நேர் எதிர். அடுத்தது எடை. உடம்பும் உபகரணமும் சேர்ந்து 100 லிட்டர் நீரை விலக்கினால், உப்புக்குள் நுழைந்ததும் கூடுதலாக இரண்டரை கிலோ மிதப்பு கிடைக்கும். நன்னீரில் சரியாகச் சமன் செய்துகொண்டு இறங்கிய புதியவர், அடுக்கைத் தொட்டதும் தக்கை மிதப்பு மிதந்து திகைக்கிறார்.

எனக்கு உண்மையிலேயே பிடித்தது இனிமேல்தான். சர்பத் தம்ளர் கண்ணாடியில் இல்லாமல் கற்கண்டில் செய்யப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள தண்ணீரும் கீழே உள்ள பாகும் இதற்குமேல் ஒரு துளிக் கற்கண்டைக்கூடக் கரைக்க முடியாத அளவுக்கு நிறைந்துவிட்டவை. தம்ளர் பத்திரமாக இருக்க வேண்டும். ஆனால் இரண்டும் கலக்கும் இடத்தில் மட்டும் சுவர் அரிக்கிறது! சர்பத்தில் இப்படி நடக்காது, கடைக்காரர் என்னை வெளியே துரத்துவார். சுண்ணாம்பில் நடக்கிறது. காரணம், நீரின் கரைக்கும் திறன் உப்பையும் கரியமில வாயுவையும் பொறுத்து நேர்கோட்டில் மாறுவதில்லை, வளைந்து மாறுகிறது. இரண்டு நீரைக் கலந்தால் கரைந்துள்ள சுண்ணாம்பு சராசரி அளவுக்கு வரும், கரைக்கும் திறனோ சில விகிதங்களில் சராசரியைவிட அதிகமாக இருக்கும். வயிறு நிறைந்த இரண்டு பேரைச் சேர்த்ததும் புதுப் பசி பிறக்கிறது. வில்லியம் பேக்கும் சகாக்களும் 1970களிலும் 80களிலும் இந்தக் கடற்கரையின் ஷெல்-ஹா பகுதியில் இதை ஆராய்ந்து எழுதினார்கள். இன்று ஷெல்-ஹா ஒரு கேளிக்கைப் பூங்கா. கலப்பு ஒன்றே எல்லாவற்றையும் குடைந்தது என்றும் சொல்லிவிட முடியாது. அடுக்கில் தங்கும் இலைதழையைத் தின்னும் நுண்ணுயிரிகள் விடும் அமிலத்துக்கும் பங்கு உண்டு. ஆனாலும் கண்ணை மறைக்கும் அதே அடுக்குதான் குகையைத் தோண்டிய கைகளில் ஒன்று.

வழிகாட்டிகள் பலர் இந்த இடத்தில் விண்கல்லைக் கொண்டுவருவார்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை முடித்த சிக்சுலுப் மோதல், செனோட்டே வளையம், இத்யாதி. வளையம் உண்மை. ஆனால் அது வடமேற்கே மெரிடா நகரைச் சுற்றி இருக்கிறது. சுற்றுலாப் பயணி முங்கும் துலும் பக்கத்துக் குழிகள் அந்த வளையத்துக்கு வெகுதூரம் வெளியே இருக்கின்றன.

வரலாறு கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, குகைகள் உலர்ந்திருந்தன. கூரையில் தொங்கும் சுண்ணாம்பு விழுதுகள் அப்போது சொட்டுச் சொட்டாக வளர்ந்தவை. நீருக்குள் அவை வளராது. 2007இல் ஓயோ நெக்ரோ குழியில் 12,000 ஆண்டுகளுக்கும் முந்தைய பதின்வயதுப் பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. மாயா மக்களுக்குச் செனோட்டே குடிநீரும் கோயிலும். போதும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். புதியவர்கள் போகலாம், அன்ஹெலிட்டாவுக்கு வேண்டாம். திறந்த நீரில் முங்கும் அடிப்படைச் சான்றிதழ் இருந்தால் சாக் மூலுக்கோ, சுமார் 10 மீட்டர் ஆழத்திலேயே முடிந்துவிடும் தோஸ் ஓஹோஸுக்கோ வழிகாட்டியுடன் போகலாம். நீச்சல் மட்டும் தெரியும் என்றால் மேலே மிதந்து பார்க்கலாம். தோஸ் ஓஹோஸில் ஒரு கயிற்றுப் பாதையில் பிளாஸ்டிக் முதலையும் பார்பி பொம்மையும் வைத்திருக்கிறார்கள். அதைப் படமெடுக்கும் கூட்டத்துக்கு ஹாலோக்ளைன் பற்றிக் கவலையில்லை.

‘குகை முங்கல்’ என்று விளம்பரம் மிரட்டினாலும் இது குகையின் முன்கூடம்தான். பகல் வெளிச்சம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெளியேறும் வாயிலிலிருந்து சுமார் 60 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அறுபடாத கயிறு கூடவே வர வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, மீதி தொடக்கூடாத சேமிப்பு. ஒரு வழிகாட்டிக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. அவர் முழுக் குகைப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். இந்த விதிகளின் அடிப்படையை அமெரிக்கரான ஷெக் எக்ஸ்லி 1979இல் விபத்துகளை அலசி ஒரு சிறு நூலாக எழுதினார். அவரே 1994இல் மெக்சிகோவின் ஸகட்டோன் குழியில் ஆழச் சாதனை முயற்சியின்போது இறந்தார். முன்கூடம் முடியும் இடத்தில் எமன் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை இருக்கும். அலங்காரத்துக்கு வைத்ததில்லை.

ஹாலோக்ளைனின் கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. நிலத்தடி நீர்மட்டம் ஒரு சாண் இறங்கும்படி இறைத்தால், காலப்போக்கில் உப்பு நாற்பது சாண் ஏறி வரும். கான்கூன் முதல் துலும் வரை வளர்ந்துகொண்டே போகும் ஹோட்டல்கள் நம்பியிருப்பதும், கழிவால் கெடுப்பதும் இந்த மெல்லிய நன்னீரைத்தான். யாழ்ப்பாணக் குடாநாடும் வற்றாத ஆறு இல்லாத சுண்ணாம்புப் பூமி. அங்கே புத்தூருக்கு அருகே, அடியே இல்லை என்று ஊர் நம்பும் நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. அந்த மண்ணில் அடுக்கைப் பார்க்க முகக்கண்ணாடியும் சிலிண்டரும் தேவையில்லை. தோட்டக் கிணறுகளில் மோட்டாரை அளவில்லாமல் ஓடவிட்டால், அது தானாக மேலே ஏறி வந்து மிளகாய்ச் செடியில் தெரியும்.