வேறாயிருப்பது வெட்கமா?

வீடியோ விளையாட்டு என்னும் சொல்லைக் கேட்டதும் நம் பெற்றோர் பலர் முகஞ்சுளிப்பது இயல்பே. துப்பாக்கிச் சத்தமும், ஓயாத ஓட்டமும், உறக்கம் கெட்ட கண்களுமே அவர்கள் நினைவுக்கு வருகின்றன. அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், சுடுவதற்குப் பகைவர் எவருமின்றி, பிடிப்பதற்குக் கோட்டை எதுவுமின்றி, தாய் ஒருத்தி தன் அடுக்களையில் இட்லி அவிக்கும் கதையையே விளையாட்டாக்கி உலகின்முன் வைத்திருக்கின்றனர் என்றால், நம் குடும்பங்கள் அதற்குச் சற்றுச் செவிசாய்க்கத்தான் வேண்டும். அவ்விளையாட்டின் பெயரும் தமிழ்ப் பெயரே: 'வெண்பா'.

கனடா நாட்டின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் இதனை வெளியிட்டது. இதை உருவாக்கிய குழுவின் தலைவரான அபி, இளம்வயதில் இந்தியாவிலிருந்து கனடாவில் குடியேறிய தமிழர். பெருநிறுவனங்களின் துணையின்றி இயங்கும் படைப்பாளிகளுக்கென அமெரிக்காவில் நடைபெறும் விழாவில், 2024ஆம் ஆண்டின் தலைமைப் பரிசு 'வெண்பா'வுக்கே கிடைத்தது. அதே ஆண்டு இலண்டனில் பாஃப்டா அமைப்பு, சிறந்த முதற்படைப்புக்கான விருதை இதற்கு அளித்தது. நம் வீட்டு இட்லிக் கொப்பரை இவ்வளவு தொலைவு சென்று பரிசு பெற்றது எதனால் என்று ஆராய்வது பயனுடையதாகும்.

கதையும் அதன் கருத்தும்

கதை 1980களின் இறுதியில் டொராண்டோவில் தொடங்குகிறது. வெண்பா, பாவலன் என்னும் தமிழ்த் தம்பதியர், அந்நிய மண்ணில் வேரூன்ற இயலாமல், ஊருக்கே திரும்பிவிடலாமா என்று தவிக்கின்றனர். அவ்வேளையில் வெண்பா தாய்மை அடைந்திருப்பது தெரிய வருகிறது. பிறக்கப்போகும் பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணி அங்கேயே தங்கிவிடுகின்றனர். அப்பிள்ளைக்குக் கவின் என்று பெயரிடுகின்றனர். தாய்க்கு யாப்பின் பெயர், தந்தைக்குப் புலவனைக் குறிக்கும் பெயர், மகனுக்கு அழகைக் குறிக்கும் பெயர். மூவர் பெயரிலும் தமிழ் மணக்கிறது. ஆனால் மகன் வளர வளர, தாய் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் விடை சொல்கிறான். பள்ளித் தோழர் நடுவே தன் வீட்டு உணவும் தன் வீட்டுப் பேச்சும் அவனுக்குக் கூச்சமாகத் தோன்றுகின்றன. தாய் ஆசையோடு சமைத்து வைத்துக் காத்திருக்கிறாள். மகனோ மெல்ல மெல்ல விலகிச் செல்கிறான்.

விளையாடுபவர் செய்ய வேண்டிய வேலை சமையலே. வெண்பா தன் தாயிடமிருந்து பெற்றுவந்த சமையற்குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி தடையின்றி மேலேறும், புட்டுக்குழலில் மாவையும் தேங்காய்த் துருவலையும் எம்முறையில் இட வேண்டும் என்பனவற்றை, அழிந்துபோன எழுத்துகளுக்கு இடையே ஊகித்து அறிய வேண்டும். தவறினால் தண்டனை ஏதுமில்லை, மீண்டும் தொடங்கலாம். பொம்மைப் படம் போன்ற வண்ணங்களும், அந்தந்தக் காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிதாய் இயற்றப்பட்ட பாடல்களும் இடையே வந்து நெஞ்சை இலேசாக்குகின்றன. இறுதிப் பகுதியில் தந்தை மறைந்துவிடுகிறார். தாய் இந்தியா திரும்பிவிடுகிறாள். வளர்ந்துவிட்ட கவின், அரைகுறைத் தமிழோடு அக்குறிப்பேட்டை விரித்துவைத்து, தன் தாயின் கைமணத்தைத் தேடத் தொடங்குகிறான்.

விளையாடியவர் கூறுவன

இதனை விளையாடியவர்களின் கருத்துகள் ஒருபோல இல்லை. ஒன்றரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறதே, கொடுத்த விலைக்கு இது போதுமா என்போர் உளர். சமையற்புதிர்கள் மிக எளியவை, இன்னும் பல பண்டங்கள் இருந்திருக்கலாம் என்போரும் உளர். ஆண்டுகள் பல தாவித் தாவிச் செல்வதால், கவினின் மனத்தை முழுமையாக அறிய முடியவில்லை என்பது வேறு சிலரின் குறை. இவை யாவும் கருதத்தக்க குறைகளே.

ஆனால் குறை சொன்னவருள்ளும் பலர் கண்ணீரை மறைக்கவில்லை. விளையாடி முடித்ததும் தாயோடு பேச வேண்டும் என்று தோன்றியதாகப் பலர் கூறியுள்ளனர். கடுகு பொரியும் ஓசையையும் தாளிப்பின் சலசலப்பையும் ஒரு வீடியோ விளையாட்டில் முதன்முறையாகக் கேட்டோம், எம் வீடு எமக்கே அழகாய்த் தெரிந்தது என்று அயல்நாட்டுத் தமிழர் மகிழ்ந்தனர். இன்னும் வியப்புக்குரியது, தமிழே அறியாத பிற நாட்டவர் கூறியதாகும். வேற்று நாட்டிலிருந்து பெற்றோரோடு குடியேறியவர்கள், இது எம் வீட்டுக் கதையேதான், உணவின் பெயர் மட்டுமே வேறு என்றனர். ஒரு குடும்பம் தன் தனித்தன்மையை மறைக்காமல் முன்வைத்தபோது, அதிலே எல்லாக் குடும்பங்களும் தங்களைக் கண்டுகொண்டன.

எம் பங்கின் இளையோரிடமும் இதைக் குறித்து உரையாடினேன். கடற்கரைச் சிற்றூரிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, மதிய உணவில் கருவாடு வைக்க வேண்டாமென்று தன் தாயிடம் பல ஆண்டுகளாய்ச் சொல்லி வருவதை இவ்விளையாட்டு நினைவூட்டியது என்றாள். மற்றோர் இளைஞனோ சற்றுத் துணிவாகவே பேசினான். பெற்றோர் பக்கம் மட்டுமே கண்ணீர் வரவழைப்பது முறையா? உனக்காகத்தான் இங்கே தங்கினோம் என்னும் பாரத்தைப் பிறக்குமுன்பே பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டார்களே என்றான். இருவர் சொன்னதும் உண்மையே. பிள்ளையின் கூச்சத்திற்கும் ஒரு காரணம் உண்டு. பெற்றோரின் துயரத்திற்கும் ஒரு காரணம் உண்டு. ஒருவர் காரணத்தை மற்றவர் கேட்பதற்கு வீட்டில் ஓர் இடம் வேண்டும். 'வெண்பா' அவ்விடத்தை அடுக்களையில் காண்கிறது.

பள்ளிக்கரணைக்கு இதில் என்ன?

டொராண்டோவின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். நம் பள்ளிக்கரணையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியோடு இணைந்த இவ்வூரில், இங்கேயே பிறந்து வளர்ந்தோர் சிலரே. வந்து குடியேறியோர் பலர். நெல்லையிலிருந்தும், தூத்துக்குடியிலிருந்தும், குமரியிலிருந்தும், தஞ்சையிலிருந்தும் பிழைப்பு நாடி வந்து நம்மோடு திருப்பலியில் மண்டியிடுகின்றனர். நெல்லைப் பேச்சும் குமரிப் பேச்சும் வீட்டு வாசலைத் தாண்டியதும் நின்றுவிடுகின்றன. பள்ளியில் சிரிப்பார்களே என்று பாட்டியின் சொற்களை விழுங்கிக்கொள்ளும் சிறுவர் நம்மிடையே இல்லையா? தந்தையின் தொழிலைக் கேட்டால் தலைகுனியும் பிள்ளைகள் இல்லையா? காது கேளாமையாலோ, நடை தளர்ச்சியாலோ, எழுத்துக் கூட்டிப் படிப்பதில் உள்ள இடர்ப்பாட்டாலோ, கடைசி வரிசையிலேயே ஒதுங்கிவிடும் குழந்தைகள் இல்லையா?

நம் ஊரின் சதுப்பு நிலமும் நமக்கு ஒன்றைச் சொல்கிறது. அது முழுவதும் நீரும் அன்று, முழுவதும் நிலமும் அன்று. அதனாலேயே எதற்கும் உதவாத இடமென்று எண்ணி அதன்மேல் நகரத்தின் குப்பையைக் கொட்டினார்கள். மண்ணிட்டு மூடிக் கட்டடங்களை எழுப்பினார்கள். மழைநீரைத் தன்னுள் வாங்கி ஊரைக் காப்பதும், வலசை வரும் பறவைகளுக்கு உணவளிப்பதும், அது வேறாயிருப்பதால்தான் இயலுகின்றன என்பதைப் பின்னரே உணர்ந்தோம். 2022ஆம் ஆண்டு, ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்புடைய அந்நிலம், ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்பு வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நிலத்தைப் பற்றி இவ்வளவு காலந்தாழ்த்திக் கற்ற பாடத்தை, நம் பிள்ளைகளைப் பற்றியும் காலந்தாழ்த்தித்தான் கற்க வேண்டுமா?

முற்றத்திலிருந்து மேலறைக்கு

தன் பேச்சுக்காக வெட்கமுற்ற ஒருவர் திருமறையிலும் உண்டு. அவர் வேறு யாருமல்லர், இராயப்பராகிய தூய பேதுருவே. தலைமைக் குருவின் முற்றத்தில் அவர் நெருப்பண்டை நின்றபோது, அவரைக் காட்டிக்கொடுத்தது அவருடைய கலிலேயப் பேச்சு என்று தூய மத்தேயு எழுதுகிறார். தலைநகரத்தாரின் காதுக்கு அது நாட்டுப்புறப் பேச்சு. அச்சமும் வெட்கமும் கலந்த அந்த நேரத்தில் அவர் மறுதலித்தது ஆண்டவரை. அவரோடு சேர்த்துத் தம் ஊரையும், தம் படகையும், தம் தோழரையும் மறுதலித்தார். தன்னை மறைக்க முற்படுகிறவன் தன்னை அன்பு செய்தவரையும் மறைத்துவிட நேரிடுகிறது என்பதே அம்முற்றத்தின் துயரம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பெந்தெகோஸ்துத் திருநாளில் அதே பேதுரு, அதே எருசலேமில், எழுந்து நின்று பேசினார். கூடியிருந்தோர் வியந்து, இவர்கள் கலிலேயர் அல்லவா என்று ஒருவரையொருவர் வினவியதாகத் திருத்தூதர் பணி நூல் கூறுகிறது. தூய ஆவியார் சீடர்களைத் தலைநகரத்தாராக மாற்றிவிடவில்லை. கலிலேயராகவே விட்டுவைத்து, அவர்கள் வாயிலிருந்து வந்ததை ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியில் கேட்கச் செய்தார். முற்றத்தில் வெட்கத்தைத் தந்த நாவு, மேலறையிலிருந்து வெளிவந்தபோது நற்செய்தியைத் தந்தது.

திருச்சபையின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த தத்துவ போதகராகிய இராபர்ட் தெ நோபிலி, காவியுடுத்து, தமிழும் வடமொழியும் கற்று, இம்மண்ணின் வழக்கப்படி வாழ்ந்தார். உடன் உழைத்தவர்களே அவரைக் குறைகூறினர். வழக்கு உரோமை வரை சென்று, 1623ஆம் ஆண்டு திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவருடைய முறைகளுக்கு இசைவளித்தார். பின்னர் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட வழிபாட்டு ஏட்டின் பயனாக, இலத்தீனில் நடந்துவந்த திருப்பலி நம் தாய்மொழியில் ஒலிக்கலாயிற்று. நம் மொழி கடவுளுக்குமுன் நிற்கத் தகுதியுடையது என்று திருச்சபையே ஏற்ற பின், நம் வீட்டுப் பிள்ளை அதற்காக நாணுவானேன்?

இருவேறு வழிகள்

இங்கே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. பாபிலோனிலிருந்து மீண்ட மக்களுள் சிலருடைய பிள்ளைகளில் பாதிப்பேர் அஸ்தோது மொழி பேசினார்களேயன்றி, யூதா மொழி அறியாதிருந்தார்கள் என்று நெகேமியா நூலின் இறுதி அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதைக் கண்ட நெகேமியா பெரியவர்களைச் சபித்து, சிலரை அடித்து, மயிரைப் பிடுங்கினார். அவருடைய வேதனை நமக்குப் புரிகிறது. அவருடைய முறையை நாம் வீட்டிற்குள் கொண்டுவர வேண்டியதில்லை. தமிழ் தெரியவில்லையே என்று உறவினர் முன்னிலையில் ஏசப்படும் பிள்ளை, தமிழைக் கற்பதில்லை. ஏச்சைத் தவிர்க்க மட்டுமே கற்றுக்கொள்கிறது. வெண்பா தன் மகனை அடித்துத் தமிழ் புகட்டவில்லை. சமைத்தாள், அழைத்தாள், காத்திருந்தாள். அவளது குறிப்பேடு அவனுக்காகக் காத்திருந்தது. பிந்தி வந்தபோதும் அவனுக்கு அது திறந்தே இருந்தது.

ஆகவே குடும்பங்கள் செய்யக்கூடிய சில எளிய காரியங்களைக் கூறுகிறேன். வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளையும் அடுக்களையில் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு வேண்டாம். பாட்டி உயிரோடிருக்கும்போதே அவர் செய்யும் மீன்குழம்பின் பக்குவத்தை அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செபமாலையில் ஒரு மறையுண்மையையேனும் பிள்ளை தமிழில் சொல்லட்டும். சொல் தடுமாறினால் எவரும் சிரிக்க வேண்டாம். பிள்ளை தன் கூச்சத்தைச் சொல்ல வந்தால், அதை நன்றிகெட்டதனம் என்று எண்ணாமல், பள்ளியில் என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள்.

இறுதியாக ஒன்று. இக்கதையைக் கேட்கும் நாம் அனைவரும் நம்மை வெண்பாவாகவோ கவினாகவோ எண்ணிக்கொள்கிறோம். கவினைக் கூசவைத்த அக்கம்பக்கத்தாராக எவரும் எண்ணிக்கொள்வதில்லை. நம் பகுதியில் எழும்பும் அடுக்குமாடிகளில் செங்கல் சுமக்க ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தொழிலாளருள் நம் விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்வோரும் உள்ளனர். நம் மொழி அறியாமல் கோவிலின் பின்புறம் நின்று, நன்மை வாங்கி, ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிப் போகும் அவர்களின் பிள்ளைகளுக்கு, பள்ளிக்கரணைதான் டொராண்டோ. அங்கே நம் பிள்ளைகள் அந்நியர். இங்கே நாம்தாம் ஊரார். அவர்களுடைய பெயரை எத்தனை பேர் கேட்டறிந்திருக்கிறோம்? பங்குத் திருவிழா விருந்தில் அவர்களுடைய பண்டம் ஒன்றேனும் பரிமாறப்பட்டதுண்டா? விசுவாசிகளின் மன்றாட்டுகளுள் ஒன்று அவர்கள் மொழியில் ஒலித்ததுண்டா?

நம் பிள்ளை கனடாவில் கேலிக்கு ஆளாகக்கூடாது என்று விரும்பும் நாம், பிறர் பிள்ளை நம் தெருவில் கேலிக்கு ஆளாவதைப் பொறுத்துக்கொள்ளலாகாது. வரும் ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும், வழக்கமாய்ப் பேசுவோரோடு மட்டும் பேசித் திரும்பாமல், பின்வரிசைவரை நடந்து சென்று, அங்கே நிற்கும் ஒரு குடும்பத்தின் பெயரைக் கேட்டறியுங்கள். அக்குடும்பத்தை உணவுக்கு அழையுங்கள். அவர்கள் சமைத்துத் தருவதையும் மறுக்காமல் உண்ணுங்கள். எம்மொழியாரையும் தம் பந்தியில் அமர்த்தும் ஆண்டவர், நம் பங்கையும் அத்தகைய பந்தியாக்குவாராக.