தண்ணீருக்குள் ஒலி என்ன வேகம்?

காற்றில் ஒலியின் வேகம் எவ்வளவு என்று கேட்டால் தூக்கத்தில்கூட 340 மீட்டர் என்று சொல்லிவிடுவோம். தண்ணீரில்? விநாடிக்கு 1500 என்று எழுதி அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். ஆனா எந்தத் தண்ணீர்? கிணற்றுத் தண்ணியா, கடல் தண்ணியா, கொதிக்கிற தண்ணியா? ஒவ்வொன்றிலும் வேகம் வேறு.

1826-ல் கொலாடோன், ஸ்டர்ம் என்ற இருவர் ஜெனீவா ஏரியில் இதை அளந்தார்கள். ஒரு படகிலிருந்து தண்ணீருக்குள் தொங்கவிட்ட மணியை அடிக்கும்போதே மேலே வெடிமருந்து பளிச்சென்று எரியும். 13 கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு படகில், தண்ணீரில் விட்ட குழாயில் காதை வைத்தபடி கொலாடோன் காத்திருப்பார். வெளிச்சம் தெரிந்து ஒன்பது விநாடிக்குச் சற்று மேல் ஆனதும் மணிச் சத்தம் வரும். 8 டிகிரி குளிரில் இருந்த அந்தத் தண்ணீரில் கிடைத்த விடை 1435 மீட்டர். இன்றைய கணக்குக்கும் அதற்கும் சில மீட்டர்தான் வித்தியாசம்! லேபில் ஸ்டாப் வாட்ச் சரியில்லை என்று சொல்லும் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஃபார்முலா சின்னதுதான். பல்க் மாடுலஸை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வேகம். பல்க் மாடுலஸ் என்றால் வேறொன்றுமில்லை, அமுக்கும்போது திரவம் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதுதான். அடர்த்தி கூடினால் வேகம் கூடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அடர்த்தி கீழே அல்லவா இருக்கிறது! கல்பாக்கம் அணு உலைகளில் பயன்படும் கனநீரைப் பாருங்கள். சாதாரணத் தண்ணீரைவிட சுமார் 11 சதவீதம் அடர்த்தி அதிகம். 25 டிகிரியில் சாதாரணத் தண்ணீரில் 1497 மீட்டர் ஓடும் ஒலி, கனநீரில் சுமார் 1400-தான் ஓடுகிறது.

அப்படின்னா கடல் தண்ணீரில் மட்டும் ஏன் கூடுகிறது? உப்பு அடர்த்தியையும் ஏற்றுகிறது, முரண்டை அதைவிட அதிகமாக ஏற்றுகிறது. அதனால் 20 டிகிரியில் நல்ல தண்ணீரில் 1482, கடலில் 1522. சூடு ஏறினாலும் வேகம் கூடும். 0 டிகிரியில் 1402-ல் தொடங்கி 74 டிகிரி வாக்கில் 1555 வரை போய், பிறகு இறங்க ஆரம்பிக்கும். பெரும்பாலான திரவங்களில் சூடு ஏற ஏற வேகம் குறையும். தண்ணீர் தனி ரகம்.

எல்லாவற்றையும்விட வேடிக்கை குமிழிதான். நூற்றில் ஒரு பங்கு காற்று சிறு குமிழிகளாகக் கலந்தாலே வேகம் 100 மீட்டர் அளவுக்கு விழுந்துவிடும். காற்றில் உள்ளதைவிடக் குறைவு! கனம் தண்ணீருடையது, அமுங்குவது காற்று. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கப்பில் சுடுதண்ணீர் ஊற்றி இன்ஸ்டன்ட் காபித்தூள் போட்டுக் கலக்கி, கப்பின் அடியில் ஸ்பூனால் தட்டிக்கொண்டே இருங்கள். முதலில் மந்தமாகக் கேட்கும் ஒலி, குமிழிகள் வெளியேற வெளியேற உச்சத்துக்கு ஏறும். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு ஃபார்முலா வேண்டியிருக்கவில்லை, "சத்தம் ஏறுதேடா!" என்று கண்டுபிடித்துவிட்டார்.

இந்த வித்தியாசம் பணத்தையும் உயிரையும் தொடும் இடம் கப்பல். எக்கோ சவுண்டர் கீழே ஒலியை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழம் சொல்கிறது. 1500 என்று செட் செய்த கருவியை 1435 உள்ள குளிர்ந்த ஏரியில் போட்டால், 10 மீட்டர் என்று காட்டும் இடத்தில் இருப்பது 9.57 மீட்டர்தான். அடியில் அரை மீட்டர் இடைவெளி போதும் என்று வரும் கப்பலுக்கு அந்த இடைவெளியில் பெரும்பகுதி காணாமல் போய்விடும்! அதனால்தான் சர்வே படகுகளில் வேலை தொடங்குமுன், அளந்த கயிற்றில் ஒரு இரும்புத் தகட்டைக் கட்டி, கருவிக்கு நேர் கீழே 2 மீட்டர், 4 மீட்டர் என்று இறக்குகிறார்கள். கருவி அதே ஆழத்தைக் காட்டும்வரை வேகத்தைத் திருத்துகிறார்கள். இதற்குப் பெயர் பார் செக்.