பதினோரு மாத ஒப்பந்தம் போதுமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையையோ ஆவடி தொழிற்சாலைகளையோ நம்பிக் குடிவருபவர் கையெழுத்திடுவது பெரும்பாலும் பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தில்தான். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கப் பிறந்த வழக்கம் இது. ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்துக்குப் பதினோரு மாதம் என்ற கணக்கே கிடையாது. ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். முத்திரைத்தாளில் நோட்டரி முத்திரை குத்தினால் முடிந்தது என்பது தவறு.

பதிவு செய்தால் வாடகை வருமானம் வெளியே தெரியும், குடியிருப்பவருக்கு உரிமை கூடிவிடும் என்று வீட்டுக்காரர்கள் தயங்குவதுண்டு. வருமான வரி பதிவைப் பொறுத்ததல்ல. வாடகை வாங்கினாலே கணக்கில் காட்ட வேண்டியதுதான். உரிமை பற்றிய அச்சத்தில் மட்டும் ஓரளவு உண்மை உண்டு. எழுத்து ஒப்பந்தம் இல்லாததையே காலி செய்யக் கோரும் காரணமாகச் சட்டம் ஏற்கிறது. அப்படிப் பார்த்தால் பதிவு முதலில் காப்பது குடியிருப்பவரைத்தான். சண்டை வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது.

முன்பணத்தில்தான் சட்டம் கொஞ்சம் வழுக்குகிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் அதையும் விட்டுவிடுகிறது. பூந்தமல்லியில் வீடு பார்ப்பவர் அட்வான்ஸ் தொகை, வெள்ளையடிக்கும் கழிவு, திருப்பித்தரும் நாள் ஆகிய வரிகளைப் படித்த பிறகே பேனாவை எடுக்கட்டும்.