தோளில் பன்னிரண்டு பெயர்கள்

இந்த வருஷம் வேதாகமத்தை முழுதாக வாசித்து முடிப்பது என்று புத்தாண்டு ஆராதனையில் தீர்மானம் எடுக்கிறவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் தட்டி நிற்கிறார்கள். ஆதியாகமம் கதை கதையாக ஓடிவிடும். யாத்திராகமத்தில் செங்கடலைத் தாண்டும்வரை வேகம் குறையாது. அதற்கப்புறம் ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை, திரை, கொக்கி, அளவு. பிறகு ஆசாரியனுக்கு அங்கி தைக்கிற விவரம். பிறகு லேவியராகமத்தின் பலிமுறைகள். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மரே மெக்செய்ன் தன் சபைக்காக 1842 கடைசியில் தொகுத்துக் கொடுத்த தினசரி வாசிப்பு அட்டவணையை இன்றும் உலகமெங்கும் வைத்து வாசிக்கிறார்கள். அதன்படி போனால் ஆசாரியனின் அங்கி மார்ச் நடுவில் வருகிறது. நம் ஊரில் அது பரீட்சைக் காலம். டிக் அடித்துக்கொண்டு வந்த பென்சில் பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் காணாமல் போகும்.

இப்படி விட்டுவிட்டுப் போகிற அந்தப் பகுதியில்தான் ஆசாரியத்துவம் என்றால் என்ன என்பதைக் கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி வேதம் சொல்லியிருக்கிறது. கத்தோலிக்கர் இதைக் குருத்துவம் என்பார்கள். புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபத்தை யார் எடுத்துப் பிரசங்கித்தாலும் அடிக்கல் இங்கேதான் இருக்கிறது. அடிக்கல்லைப் பார்க்காமல் மாடியில் ஏறிப் பழகிவிட்டோம் என்பது என் மனக்குறை.

யாத்திராகமம் 28ஐ மெதுவாக வாசித்தால் முதலில் கண்ணில் படுவது தோள். பிரதான ஆசாரியனாகிய ஆரோன் போட்டுக்கொள்ளும் ஏபோத் என்னும் மேலாடையின் தோள்பட்டைகளில் இரண்டு கோமேதகக் கற்கள். ஒரு கல்லில் ஆறு பெயர், இன்னொன்றில் ஆறு பெயர், முத்திரை வெட்டுகிறவன் வெட்டுகிற மாதிரி ஆழமாகப் பொறித்திருக்க வேண்டும். மார்பிலே ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலத்தில் சதுரமான மார்ப்பதக்கம். அதில் வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசைக் கற்கள். அங்கேயும் கல்லுக்கு ஒரு பெயர். ஆக, அதே பன்னிரண்டு பெயரை அவன் இரண்டு தரம் சுமக்கிறான். பாரம் தாங்குவதற்குத் தோளில் ஒரு தரம், இருதயத்தின்மேல் ஒரு தரம்.

யாருடைய பெயர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்: யாக்கோபின் பன்னிரண்டு குமாரர். ரூபன் தகப்பனுடைய படுக்கையைத் தீட்டுப்படுத்தியவன். சிமியோனும் லேவியும் சீகேம் பட்டணத்து ஆண்களை வெட்டிச் சாய்த்தவர்கள். யூதா தன் மருமகள் தாமார் விஷயத்தில் தலைகுனிந்து நின்றவன். தோளின் கற்களில் அவரவர் பிறந்த வரிசைப்படி பெயர் வெட்டச் சொல்லியிருக்கிறது. யோக்கியதைப்படி வரிசை எதுவும் இல்லை. நல்ல கோத்திரம், கெட்ட கோத்திரம் என்று பிரித்து இரண்டு கல்லை மட்டும் கழற்றி வைத்துவிட்டு ஆரோன் உள்ளே போக முடியாது. போனால் பன்னிரண்டு பேரையும் சேர்த்துத்தான்.

அங்கியின் ஓரத்தில் மாதளம்பழமும் பொன்மணியுமாக மாறி மாறித் தொங்கும். நெற்றியில் பசும்பொன் பட்டம். ஞாயிறு பள்ளியில் படம் வரையச் சொன்னால் பிள்ளைகள் இந்த மணிகளைத்தான் ஆசையாக வரையும். பெரியவர்களும் பிரசங்கத்தில் அதிகம் பேசுவது மணிகளைப் பற்றித்தான். தோள்கல்லை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

அடுத்து லேவியராகமம் 8. ஆரோனையும் அவன் குமாரரையும் பிரதிஷ்டை பண்ணும்போது மோசே பிரதிஷ்டையின் ஆட்டுக்கடாவினுடைய இரத்தத்தில் கொஞ்சம் எடுத்து வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் பூசுகிறான். கேட்பதற்குக் காது, செய்வதற்குக் கை, நடப்பதற்குக் கால் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள், நல்ல விளக்கம்தான். ஆனால் ஆறு அதிகாரம் தாண்டி 14க்கு வாருங்கள். குஷ்டரோகம் நீங்கி, பாளயத்துக்கு வெளியே இருந்தவன் திரும்பி வருகிறான். ஆசாரியன் அவனுக்குச் செய்வது என்ன? அதே வலது காது, அதே கைப் பெருவிரல், அதே கால் பெருவிரல். முதலில் இரத்தம், அதன்மேல் எண்ணெய். ஊருக்குள் ஆக உயர்ந்தவனுக்கும், ஊரைவிட்டே தள்ளி வைக்கப்பட்டவனுக்கும் ஒரே இடத்தில் ஒரே அடையாளம். தினம் ஒரு அதிகாரம் வாசிக்கிறவருக்கு இது ஒரே வாரத்துக்குள் கிடைத்துவிடும். ஆசாரியனைப் பற்றிய அதிகாரத்தைக் குருப்பட்டாபிஷேகத்துக்கு எடுத்துவைத்து, குஷ்டரோகியைப் பற்றியதை அருவருப்போடு ஒதுக்கிவிட்டவருக்கு ஒருநாளும் கிடைக்காது.

இரண்டுக்கும் நடுவில் பத்தாம் அதிகாரம் இருக்கிறது. ஆரோனின் பிள்ளைகள் நாதாபும் அபியூவும் அந்நிய அக்கினியைக் கொண்டுபோய் மாண்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். வாலிபர் கூட்டங்களில் பயமுறுத்துவதற்கு அந்தக் கதை வசதியாக இருக்கிறது. எனக்கு அந்த அதிகாரத்தில் பெரியதாகத் தெரிவது தகப்பன். ஏழு நாள் வாசலைவிட்டு அகலாமல் காத்திருந்து, எட்டாம் நாள் ஜனங்களை ஆசீர்வதித்துக் கை இறக்கிய ஆரோன், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுக்கிறான். வாய் திறக்கவில்லை. உறவுக்காரர்கள் வந்து, பிணங்களை உடுத்தியிருந்த சட்டையோடே பாளயத்துக்கு வெளியே தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவன் தலைமயிரை விரித்துப்போட்டு அழக்கூடாது, வஸ்திரத்தைக் கிழிக்கக்கூடாது, வாசலைத் தாண்டிப் போகக்கூடாது. அபிஷேக எண்ணெய் அவன்மேல் இருக்கிறது.

அதே அதிகாரத்தின் கடைசியில் இன்னொன்று நடக்கிறது. பாவநிவாரண பலியின் மாம்சத்தை ஆசாரியர் சாப்பிட வேண்டும் என்பது முறை. அதை அவர்கள் சாப்பிடாமல் எரித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் மோசேக்குக் கோபம் வருகிறது. மீதியிருந்த இரண்டு பிள்ளைகளைக் கடிந்துகொள்கிறான். அப்போதுதான் ஆரோன் வாய் திறக்கிறான். இன்றைக்கு எனக்கு இப்படியெல்லாம் நேரிட்டிருக்கிறதே, இந்த நாளில் நான் அதைச் சாப்பிட்டிருந்தால் கர்த்தருக்கு அது நன்றாயிருக்குமோ என்று கேட்கிறான். மோசே அதைக் கேட்டு அமைதியாகிவிடுகிறான். எதற்கெடுத்தாலும் விதி சொல்லும் ஒரு புத்தகத்தில், விதியை மீறிய ஒரு துக்கத்துக்கு விட்டுக்கொடுத்த இடம் அது. ஆசாரியனும் மனுஷன்தான் என்று எபிரெயர் 5 சொல்கிறதே, தானும் பலவீனத்தால் சூழப்பட்டவன் என்பதால் தவறிப்போகிறவர்கள்மேல் பொறுமையாயிருக்க முடியும் என்று; அதற்குப் பன்னிரண்டாயிரம் பிரசங்கத்துக்குச் சமமான இந்தக் காட்சியைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

ஆசாரியர்கள் சறுக்கிய கதைகளையும் வேதம் மறைக்கவில்லை. ஆசாரியன் ஏலியின் பிள்ளைகள், பலியின் மாம்சம் வேகிற பானைக்குள் வேலைக்காரனை விட்டு மூன்று கூர் ஆயுதத்தால் குத்தி எடுக்க வைத்தார்கள். ஏலியே, உதடு மட்டும் அசைய அழுதுகொண்டிருந்த அன்னாளைக் குடிகாரி என்று நினைத்தான். மல்கியா தீர்க்கதரிசி தன் காலத்து ஆசாரியரை வெளுத்து வாங்குகிறார். டயோசீசன் தேர்தல் காலத்து வாட்ஸ்அப் செய்திகளைப் படித்துவிட்டு, திருச்சபை இப்படிக் கெட்டதே இல்லை என்று பெருமூச்சு விடுகிறவர்கள் மல்கியா இரண்டாம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கலாம்.

ஆனால் கையைத் தூக்கி ஆசீர்வதிக்கிற வேலையைக் கடவுள் அவர்களிடமிருந்து எடுத்துவிடவில்லை. எண்ணாகமம் 6இன் முடிவில் ஆரோனுக்குக் கொடுத்த அந்த ஆசீர்வாதத்தைக் கல்யாணத்திலும் ஞானஸ்நானத்திலும் இன்றைக்கும் கேட்கிறோம். 1979இல் எருசலேமின் கெதேப் இன்னோம் என்ற இடத்துக் கல்லறைக் குகையில் கேப்ரியல் பார்க்காய் என்ற தொல்லியலாளரின் குழு இரண்டு சிறிய வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தது. உடையாமல் பிரித்துப் பார்க்கவே சில வருஷம் பிடித்தது. உள்ளே கீறியிருந்தது அந்த ஆசீர்வாதத்தின் வார்த்தைகள். கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய அறுநூறு வருஷத்துக்கு முந்தியவை என்கிறார்கள். யாரோ தாயத்து மாதிரி உடம்பில் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆசாரியன் சொல்லி முடித்த பிறகும் அந்த வார்த்தை தன்னோடேயே இருக்கட்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டிருக்கிறார்.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் ஒரு சிக்கல். இயேசு யூதா கோத்திரத்தார்; அந்தக் கோத்திரத்தில் ஆசாரியன் கிடையாது. எபிரெயர் நிருபத்தை எழுதியவர் அதை ஒளிக்காமல் ஏழாம் அதிகாரத்தில் தானே ஒத்துக்கொள்கிறார். விடைக்கு அவர் போவது ஆதியாகமம் 14இல் மூன்றே வசனத்தில் வந்து, அப்பமும் திராட்சரசமும் கொடுத்து, ஆபிரகாமை ஆசீர்வதித்துவிட்டுப் போகிற மெல்கிசேதேக்கிடம். அங்கிருந்து, மெல்கிசேதேக்கின் முறைமையின்படி ஆசாரியன் என்று சொல்லும் சங்கீதம் 110. கத்தோலிக்கக் குருக்களின் திருப்புகழ்மாலையில் சங்கீதங்கள் நாலு வாரச் சுழற்சியில் வந்தாலும், இந்தச் சங்கீதம் மட்டும் நாலு வாரமும் ஞாயிறு மாலையில் தவறாமல் வரும். தான் நிற்கிற குருத்துவம் யாருடையது என்று வாரத்துக்கு ஒருமுறையாவது ஞாபகப்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு. புனித வார எண்ணெய்த் திருப்பலியில் குருக்கள் தங்கள் வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது, ஆயர் ஜனங்களைப் பார்த்து இவர்களுக்காகவும் எனக்காகவும் மன்றாடுங்கள் என்று கேட்பதும் உண்டு.

விசுவாசிகள் எல்லாருமே ராஜரிக ஆசாரியக்கூட்டம் என்று பேதுரு எழுதினார். 1520இல் மார்ட்டின் லுத்தர் அதை எடுத்து, ஞானஸ்நானம் பெற்ற செருப்புத் தைக்கிறவனும் கொல்லனும் விவசாயியும் ஆசாரியரே என்றார். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இறைமக்கள் எல்லாருக்கும் உரிய பொதுக் குருத்துவமும் திருப்பணிக் குருத்துவமும் தன்மையிலேயே வேறானாலும் கிறிஸ்துவின் ஒரே குருத்துவத்தில் பங்குபெறுபவை என்றது. தமிழ் மண்ணில் இந்த வாதத்துக்கு ஒரு முகமும் உண்டு. 1706இல் மிஷனரி சீகன்பால்க் வந்திறங்கிய தரங்கம்பாடியில், 1718இல் ஞானஸ்நானம் பெற்று உபதேசியாராக உழைத்த கடலூர்க்காரர் ஒருவர் 1733இல் குருப்பட்டம் பெற்றார். இந்தியர்களில் முதல் சீர்திருத்தச் சபைக் குரு அவர். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஆரோன்.

எல்லாரும் ஆசாரியர் என்பதை நம் சபைகள் உரிமைப் பத்திரமாகத்தான் அதிகம் எடுத்துக் காட்டுகின்றன. கமிட்டியில் எனக்கும் ஓட்டு உண்டு என்கிற தொனியில். தோளில் கல் யாருக்கும் வேண்டியதில்லை. லுத்தரிடமே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. விட்டன்பர்க்கில் அவருக்குச் சவரம் செய்த பேத்தர் பெஸ்கென்டார்ஃப் என்ற நாவிதர், எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். அவருக்காக 1535இல் லுத்தர் ஒரு சிறு புத்தகமே எழுதினார். ஒரு கற்பனையை எடுத்துக்கொண்டு நாலு சரமாகக் கட்டச் சொல்கிறார்: இது எனக்கு என்ன போதிக்கிறது, எதற்கு நன்றி சொல்கிறேன், எதை அறிக்கையிடுகிறேன், எதைக் கேட்கிறேன். சவரக் கத்தி பிடித்தவன் கவனம் சிதறி வம்பளந்தால் வாயையோ மூக்கையோ அறுத்துவிடுவான், ஜெபமும் அப்படித்தான் என்று அவர் தொழிலை வைத்தே சொல்லிக்கொடுக்கிறார்.

அதே வருஷம் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, மருமகன் வீட்டு விருந்தில் ஒரு விபரீதம். மருமகன் பழைய போர்வீரன். எந்த ஆயுதமும் தன்னை ஒன்றும் செய்யாது என்று பீற்றிக்கொண்டான். பேத்தர் கத்தியை எடுத்துக் குத்திவிட்டார், மருமகன் செத்துப்போனான். கொலைக்குத் தண்டனை மரணம். லுத்தர் அவருக்காகப் பரிந்து பேசினார். உயிர் தப்பியது; ஆனால் சொத்தை இழந்து, நாடுகடத்தப்பட்டு, டெசாவ் நகரத்துக்குப் போனார். ஜெபப் புத்தகம் எழுதி வாங்கியவரே கொலைகாரர் ஆனார் என்று சிரித்தவர்கள் அன்றைக்கும் இருந்திருப்பார்கள். லுத்தர் எழுதியவற்றில் ஆசாரியத்துவத்தைப் பற்றி எத்தனையோ பக்கம் இருக்கலாம். அந்தப் பரிந்துபேச்சை நான் அவற்றோடு சேர்த்து வைத்துத்தான் வாசிக்கிறேன்.

அந்த நாலு சரத்தையே தோள்கல் அதிகாரத்துக்கும் கட்டலாம். போதனை: பெயர்களைச் சுமக்காமல் ஆசாரியன் உள்ளே போவதில்லை. நன்றி: என் பெயரைச் சொல்லி ஜெபித்தவர்கள் யார் யார். அறிக்கை: நான் கழற்றி வைத்த கல் எது, பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பி, போன தேர்தலில் எதிரணியில் நின்றவர், மாற்றலாகிப் போகட்டும் என்று நாம் காத்திருக்கிற நம் போதகர் ஐயா. விண்ணப்பம் என்று வரும்போது அந்தப் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கும். கால் மணி நேரம் போதும்.

லேவியராகமத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் எபிரெயர் 4இன் கடைசி மூன்று வசனத்தில் தொடங்கி 5இன் பத்தாம் வசனம்வரை ஒருநாள் வாசித்துவிட்டு, யாத்திராகமம் 28க்குத் திரும்பலாம். லேவியராகமம் 8, 9, 10 மூன்றையும் தொடர்ச்சியாக, நாளுக்கு ஒன்றாக. பத்தை மட்டும் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முதல்நாள் ஏழாம் வசனத்தோடு நிறுத்திவிட வேண்டும், மறுநாள் ஆரோன் பேசுவதைக் கேட்க வேண்டும். பிறகு 14, 16, எண்ணாகமம் 6. மெல்கிசேதேக்கையும் எபிரெயர் 7ஐயும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் கேள்விகள் தாமாகவே வந்திருக்கும்.