கதவைத் தட்டும் பிள்ளைகளும் நாமம் போட்ட சொம்பும்

பெங்களூரில் வேலை பார்க்கும் அரூர்ப் பிள்ளைகள் தீபாவளியை ஒட்டி ஊருக்கு வந்தால் செல்போனில் இப்படி ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் எலும்புக்கூடு உடுப்பும் சூனியக்காரித் தொப்பியுமாகக் குழந்தைகள். ஆளுக்கொரு பூசணிக்காய் வடிவ பிளாஸ்டிக் வாளி. கதவு கதவாகத் தட்டி சாக்லேட் வாங்குகிறார்கள். பாட்டிக்கு முகம் சுருங்கிவிடும். “நல்ல நாளும் அதுவுமா எதுக்கும்மா பேய் வேஷம்? நம்ம புள்ளைங்க ஏன் ஊட்டுக்கு ஊடு போய் கையேந்தணும்?”

நியாயமான கேள்விகள்தான். இரண்டுக்குமே பதில் உண்டு.

அது ஹாலோவீன். நாள் அக்டோபர் 31. நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்கு அனைத்துப் புனிதர்கள் திருநாள். மறுநாள் இறந்தவர்களுக்கான நாள். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் அதுதான். புனிதர் திருநாளுக்கு முந்தைய இரவு ஹாலோவீன். அதற்கும் பழைய வேர் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் செத்தவர்களின் ஆவிகள் நடமாடும் என்று நம்பினார்கள். பழைய இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகப் போய், அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லி, சின்ன கேக் ஒன்றை வாங்கிக்கொள்வார்கள். ஸ்காட்லாந்துச் சிறுவர்கள் வேஷம் கட்டிப் போய் ஒரு பாட்டாவது பாடிக் காட்டினால்தான் ஆப்பிளோ கொட்டைப் பருப்போ கிடைக்கும். அங்கிருந்து பிழைக்கப் போனவர்களோடு வழக்கமும் கப்பலேறி அமெரிக்கா போனது. ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு அங்கே பூசணிக்காய் தாராளமாகக் கிடைத்தது. ‘ஏதாவது கொடு, இல்லாவிட்டால் குறும்பு செய்வோம்’ என்ற மிரட்டல் 1920களிலேயே கனடாவில் பேச்சில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரை ரேஷனுக்குப் போனதும் வழக்கம் சற்றே ஓய்ந்தது. போர் முடிந்தபின் மிட்டாய்க் கம்பெனிகளின் கையில் பெருகியது. 1950இல் அமெரிக்கக் குழந்தைகள் சிலர் மிட்டாயோடு சேர்த்து யுனிசெஃப் அமைப்புக்குச் சில்லறையும் திரட்டத் தொடங்கினார்கள்.

அங்கேயும் எல்லாருக்கும் இதில் ஒரே கருத்து இல்லை. பேயைக் கொண்டாடுவது பாவம் என்று ஒதுங்கும் சபைகள் உண்டு. பிரிட்டனில் பலர் இதை அமெரிக்க இறக்குமதி என்று எரிச்சலோடு பார்க்கிறார்கள், வேர் தங்கள் தீவுகளில் இருந்தும்கூட. எத்தனை வயதுவரை கதவைத் தட்டலாம் என்பதும் சண்டைதான். வர்ஜீனியா மாநிலத்துச் செசபீக் நகரத்தில் 1970இல் போட்ட விதிப்படி 12 வயதைத் தாண்டியவர் போனால் சிறைத் தண்டனைகூட இருந்தது. 2019இல்தான் வயதை 14 ஆக்கி, சிறையை நீக்கினார்கள். முன்பின் தெரியாதவர்கள் மிட்டாயில் விஷம் வைப்பார்கள் என்ற பயம் இன்னொன்று. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958இலிருந்து வந்த செய்திகளைத் துருவினார். அந்நியர் கொடுத்த மிட்டாயால் ஒரு குழந்தை செத்ததாக அவருக்கு ஒரு சான்றும் கிடைக்கவில்லை. 1974இல் டெக்ஸாஸில் விஷ மிட்டாயால் இறந்த சிறுவனுக்கு அதைக் கொடுத்தவர், காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட சொந்த அப்பா. ஆனாலும் பயம் போகவில்லை. இன்று பல ஊர்களில் தேவாலய வளாகத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்து, அங்கேயே மிட்டாய் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். தட்டுவதற்குக் கதவே இல்லை.

இனி பாட்டியின் கேள்விக்கு வருவோம். கையேந்துவது நமக்குப் புதிதா?

புரட்டாசி சனிக்கிழமை காலையில் அரூர்ப் பக்கத் தெருக்களில் நின்றிருந்தால் போதும். தலைக்குக் குளித்து, ஈரம் காயாத தலையோடு, நெற்றியில் நாமமிட்ட சிறுவர்கள் வருவார்கள். கையில் நன்றாகப் புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் சொம்பு. சொம்புக்கும் நாமம், கழுத்தில் துளசி. வாசலில் நின்று “வெங்கட்ரமணா, கோவிந்தா!” என்று குரல் கொடுத்தால், வீட்டம்மா முறத்திலிருந்தோ கையாலோ பச்சரிசியை எடுத்து வந்து சொம்பில் போடுவார். சேர்ந்த அரிசி அன்றைக்கே பொங்கலாகவும் மாவிளக்காகவும் பெருமாளுக்குப் போகும். வீட்டில் மூட்டை மூட்டையாக நெல் இருப்பவரின் பிள்ளையும் போவான். வேண்டுதலுக்கு மடிப்பிச்சை எடுக்கும் பெண்களும் அப்படித்தான், வசதியைப் பார்ப்பதில்லை. நான் பெரிய வீடு என்ற எண்ணத்தை ஒரு காலைப்பொழுதாவது வாசலில் இறக்கி வைப்பதற்குத்தான் இந்தக் கேட்பு. ஹாலோவீனைப் போலவே இறந்தவர் நினைவும் இதை ஒட்டி உண்டு: மகாளய அமாவாசை, முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற நாள், பெரும்பாலும் இதே மாதத்தில்தான் வரும்.

பேய் வேஷம் என்றால் மயானக் கொள்ளையைச் சொல்ல வேண்டும். சிவராத்திரியை ஒட்டி தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர் வட்டாரங்களில் காளி வேஷமும் பேய் வேஷமுமாக ஆட்கள் மயானத்துக்கு ஊர்வலம் போகிறார்கள். தானியத்தையும் சில்லறையையும் சூறை விடுகிறார்கள். அதன் கதையிலேயே ஒரு பிச்சை இருக்கிறது. பிரம்மனின் தலையைக் கிள்ளிய சிவன் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டது. அவர் பிச்சை வாங்கியதையெல்லாம் அதுவே தின்றது. மேல்மலையனூரில் அங்காளம்மன் சோற்றை இறைக்க, பொறுக்கித் தின்ன இறங்கிய கபாலத்தை மிதித்து அடக்கினாள். இதைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு எலும்புக்கூடு உடுப்பு அதிர்ச்சி தர வேண்டியதில்லை.

ஆனால் நம் வழக்கமும் தேய்கிறது. சொம்பைக் கொடுத்து அனுப்பினால் கூடப் படிப்பவர்கள் கேலி செய்வார்கள் என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். ‘பிச்சை எடுக்க வேண்டாம்’ என்று தடுக்கும் பெற்றோரும் உண்டு. அதே பெற்றோர் பெங்களூரில் பிள்ளைக்குப் பூசணி வாளி வாங்கித் தருவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. வாளி மேல் எனக்குக் கோபமில்லை. சொம்பு வெட்கத்துக்குரியதாகிவிட்டதே என்றுதான்.

அதற்காகப் பழையதெல்லாம் பொன் என்றும் சொல்ல மாட்டேன். அந்தச் சொம்பு ஊர்த்தெருவிலிருந்து காலனிக்குப் போனதையோ, காலனியிலிருந்து ஊர்த்தெருவுக்கு வந்ததையோ நான் பார்த்ததில்லை. ‘எல்லா வீடும் ஒன்று’ என்று பாடிய வழக்கம் சில வாசல்களை விட்டுவிட்டுத்தான் நடந்தது. அடுக்குமாடியிலும் இதே கேள்வி உண்டு. வாட்ஸ்அப் குழுவில் பெயர் கொடுத்த வீடுகளுக்கு மட்டும் குழந்தைகள் போகிறார்கள். கீழே காவலாளியின் அறையிலும், துணி தேய்ப்பவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். அக்டோபர் 31க்கு வேஷம் தைக்கிறவர்கள் அந்தக் குழந்தைகளுக்கும் ஒரு வாளி வாங்கி, முன்னாலேயே கூப்பிட்டுவிடலாம். கூடவே, தட்டுகிற கதவில் ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கொடுங்கள்; ஸ்காட்லாந்துக்காரர்கள் கேட்டதும் அதைத்தான். புரட்டாசியில் ஊருக்கு வர முடிந்தால் பையனிடம் சொம்பையும் கொடுங்கள், தேய்ப்பதையும் அவனே செய்யட்டும்.